குச்செரா கிளப்பிவிட்ட புரளி

லவெர்ன் குச்செரா பொய் சொல்லப் போகிறான் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வாயில் அதக்கிய புகையிலையைக் காகிதக் கோப்பையில் துப்புவான், உதட்டைப் புறங்கையால் துடைப்பான், பக்கத்தில் நிற்பவன் தோளில் கை போடுவான். உண்மை பேச வேண்டியிருந்தால் அவன் யாரையும் தொடுவதில்லை.

நானும் அவனும் டொலிடோவில், கையில் பந்தோடு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஆள் பார்க்கிற வேலையில் இருந்தோம். கல்லூரி கல்லூரியாகப் போய், ஆடுகிற பையன்களை எடைபோட்டு, எவனை எடுக்கலாம் எவனை விடலாம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் ட்ராஃப்ட் நடக்கும். எல்லா அணிக்காரர்களும் சுற்றுச் சுற்றாக, முறைவைத்து, ஆளுக்கொரு பையனாக எடுத்துக்கொண்டே போவார்கள். அது முடிந்த கையோடு எங்கள் ஒப்பந்தமும் முடியும். பிடித்தால் நீட்டிப்பார்கள், பிடிக்காவிட்டால் சாமானைக் கட்ட அட்டைப்பெட்டியை நீட்டுவார்கள். ஒஹாயோவும் இந்தியானாவும் என் பங்கு. அயோவா, நெப்ராஸ்கா, இரண்டு டகோட்டாக்கள் எல்லாம் குச்செராவின் பங்கு. அவன் போட்ட மதிப்பெண்ணை இரண்டாவதாகச் சரிபார்க்க என்னை அனுப்புவார்கள். அதனால் குளிர்காலம் பூராவும் அவன் காரில் நான்.

ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, மடியில் மத்தி மீன் டப்பாவைத் திறக்கிறவனோடு நீங்கள் பயணம் செய்து பார்த்திருக்கிறீர்களா? நான் செய்திருக்கிறேன். வாயைத் திறந்தால் அடுத்தவனை மட்டம் தட்டுவான். ஓட்டலில் பரிமாறுகிற பெண்ணின் கணக்கைச் சரிபார்த்து அவளை அழ வைப்பான். அவன் இரண்டாவது மனைவி அக்டோபரில் வீட்டைவிட்டுப் போனாள். ஆட்டங்கள் எல்லாம் முடிந்து டிசம்பரில்தான் அது அவனுக்குத் தெரிய வந்தது. இதை அவனே ஒரு வேடிக்கைபோல என்னிடம் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குச்செராவின் அப்பா ஒமாஹாவில் மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு அறுத்தவர். இவன் ஒரு சின்னக் கல்லூரியில் டைட் எண்டாக ஆடினான். டைட் எண்ட் பிழைப்பு இரண்டுங்கெட்டான் பிழைப்பு. ஒரு தடவை தன்னைவிடக் கனத்த ஆளை முட்டித் தள்ளிப் பின்னால் வருகிறவனுக்கு வழி பண்ண வேண்டும், அடுத்த தடவை தானே ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். கல்லூரிக் காலம் முழுக்கக் குச்செரா முட்டினான். அவனுக்கு யாரும் பந்தை வீசவில்லை. அந்தக் கோபத்தை இன்றுவரை பந்து பிடிக்கிற பையன்கள் தலையில் இறக்கிக்கொண்டிருந்தான்.

இப்போது வருகிற டைட் எண்ட் பையன்களுக்குப் பிடிக்கத்தான் தெரியும், முட்டத் தெரியாது என்பது அவன் கட்சி. அதில் உண்மையும் உண்டு. அவன் எழுதும் அறிக்கைகளை அலுவலகத்தில் உரக்கப் படித்துச் சிரிப்பார்கள். “எதிராளியை முட்டுவதற்கு முன் அனுமதி கேட்கிறான்.” “கல்யாண வீட்டில் நடனத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.” “உயரம் நன்று, அலமாரியின் மேல்தட்டிலிருந்து சாமான் எடுக்க உதவுவான்.” இருபது வயதுப் பையன்களைப் பற்றித்தான் இதெல்லாம். அவர்களுக்கும் வீடு வாசல் உண்டு என்பது அவனுக்கு உறைத்ததே இல்லை.

அப்புறம் ஏமஸ் டெ ஹானைப் பார்த்தான்.

அயோவாவின் வடமேற்கு மூலையில் பன்றி வளர்க்கிற டச்சுக்காரக் குடும்பம். பையன் படித்தது யாரும் எட்டிப்பார்க்காத ஒரு கல்லூரி. நவம்பர் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். முதல் பாதியில் ஏமஸ் எதிரணியின் முரட்டு ஆள் ஒருவனை நெஞ்சோடு நெஞ்சாக முட்டி, கோட்டுக்கு வெளியே தள்ளி, அதற்கும் அப்பால் தள்ளிக்கொண்டு போய், வாத்தியக் கோஷ்டியின் பெரிய முரசின்மேல் சாய்த்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோலத் திரும்பி வந்தான். நான் குச்செராவைத் திரும்பிப் பார்த்தேன். புகையிலைச் சாறு தாடையில் வழிந்துகொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை.

அதே ஆட்டத்தில் பையனுக்கு விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. இரண்டாம் பாதியில் இறங்கக் கூடாது என்று பயிற்சியாளர்கள் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. கடைசியில் அவன் தலைக்கவசத்தைப் பிடுங்கித் தண்ணீர் வண்டிக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். அழுது மூக்கைச் சிந்திக்கொண்டே அதைத் தேடி அலைந்தான். நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம்.

அடுத்த மாதம் குச்செரா அவர்கள் வீட்டுக்கே போனான். அம்மா மார்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பன்றிக்கறி உருண்டையும் உருளைக்கிழங்குமாகப் போட்டாளாம். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று சொன்னான். ஒரு பையனைப் பற்றியும் அவன் வீட்டைப் பற்றியும் குச்செரா நல்லதாகப் பேசி அன்றுதான் கேட்டேன். நாலாவது சுற்றில் இவனை எடுத்தாக வேண்டும், அதற்குள் வேறு எவன் கண்ணும் படக் கூடாது என்றான்.

மார்ச்சில் அந்தக் கல்லூரியில் பையன்களை ஓடவிட்டுத் தாண்டவிட்டுப் பார்க்கிற நாள் வந்தது. இன்னொரு பையனைப் பார்க்கத்தான் பல அணிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆனால் ஏமஸ் ஓடியதும் இரண்டு மூன்று பேர் கடிகாரத்தை மறுபடி பார்த்தார்கள். குச்செரா அதைக் கவனித்துவிட்டான். கோப்பையில் துப்பினான். உதட்டைத் துடைத்தான். பக்கத்தில் நின்ற வேறு அணிக்காரன் தோளில் கை விழுந்தது.

“நல்ல பையன்யா. பாவம். அந்த நவம்பர் ஆட்டத்துல ரெண்டாம் பாதிக்கு ஏன் வரலைன்னு மட்டும் கேட்டுப் பாரு.”

“ஏன், அடிபட்டுதா?”

“விலா எலும்புங்கறாங்க. அப்படித்தானே சொல்லணும்? வலிக்குதுன்னு அவனாவே வந்து உக்காந்துட்டான். நான் அங்கதான் இருந்தேன், என் கண்ணால பாத்தேன். உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும்.”

சாயங்காலத்துக்குள் எல்லோர் தோளிலும் கை போட்டு முடித்துவிட்டான்.

பிடித்த பையனைப் பற்றி வெளியே மட்டமாகப் பேசுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். மெதுவாக ஓடுகிறான் என்போம், முழங்கால் சரியில்லை என்போம். மருத்துவர் தொட்டுப் பார்த்தால் அந்தப் பொய் உதிர்ந்துவிடும். ஆனால் பயந்து பாதியில் வந்துவிட்டான் என்று ஒரு டைட் எண்டைப் பற்றிச் சொன்னால் எந்த மருத்துவர் தொட்டுப் பார்ப்பார்? காரில் வரும்போது அவனிடம் கேட்டேன்.

“வேற பொய்யே கெடைக்கலையா உனக்கு?”

“சின்னப் பொய் சொன்னா ரெண்டு பேர் விலகுவாங்க. இதுக்கு எல்லாரும் விலகுவாங்க. நீ போய் ஒஹாயோவைப் பாரு.” மத்தி டப்பாவைத் திறந்தான்.

ஏப்ரலில் டொலிடோவில் கடைசிக் கூட்டம். சுவரில் பெரிய பலகை, அதில் ஒவ்வொரு பையன் பெயரும் ஒரு காந்த அட்டை. எங்கள் மேலாளர் டிம் சவாட்ஸ்கி மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். யாரை எடுப்பது என்ற முடிவு அவர் கையில். குச்செரா எழுந்து ஏமஸ் டெ ஹானைப் பற்றிப் பேசினான். அவன் யாரையாவது புகழ்ந்து கேட்டிராத அந்த அறை வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. பேசி முடித்ததும் சவாட்ஸ்கி பேனாவைக் கீழே வைத்தார்.

“இந்தப் பையன் நவம்பர்ல பாதியில ஓடிட்டானாமே.”

குச்செரா சிரித்தான். “அது நான் கிளப்பிவிட்டது.”

“எனக்கு ரெண்டு அணியிலேர்ந்து சொன்னாங்க. ஒருத்தர் என் பழைய சினேகிதர், என்கிட்ட பொய் சொல்ல மாட்டார்.”

“அவருக்கு அவரோட ஆள் சொல்லியிருப்பான். அவனுக்கு நான் சொன்னேன்.”

“ரெண்டாவது அணிக்கு?”

“அதுவும் நான்தான்! டிம், எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். அவங்க யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

அறையில் ஒருவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். சவாட்ஸ்கி சிரிக்கவில்லை.

“அதாவது, ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லியிருக்கே. எனக்கு வேற ஒண்ணு சொல்றே.”

“உங்களுக்கு உண்மையைச் சொல்றேன்.”

“அதை நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? பன்னெண்டு வருஷமா ஒரு டைட் எண்டைப் பத்தி நல்ல வார்த்தை எழுதாதவன் நீ. இந்த வருஷம் ஒப்பந்தம் முடியற நேரத்துல ஒருத்தன் உனக்கு தேவதூதனாத் தெரியறான். வெளியில விசாரிச்சா அவன் பயந்தாங்கொள்ளின்னு சொல்றாங்க. கேட்டா அதையும் நான்தான் சொன்னேங்கறே. நான் உன்னை நம்பணுமா, இல்ல உன்னையே நம்பணுமா?”

குச்செரா என் பக்கம் திரும்பினான். “இவனும் பாத்தான். கேளுங்க. தலைக்கவசத்தை ஒளிச்சு வெச்சதை இவனும் பாத்தான்.”

நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். முரசைச் சொன்னேன், தண்ணீர் வண்டியைச் சொன்னேன், மூக்கைச் சிந்தியதையும் சொன்னேன்.

“குளிர்காலம் பூரா நீங்க ரெண்டு பேரும் ஒரே கார்லதானே போனீங்க?” என்றார் சவாட்ஸ்கி. எழுந்துபோய் அட்டையைக் கழற்றிப் பலகையின் ஓரத்தில் ஒட்டினார். அந்த ஓரத்துக்குப் போன பெயரை யாரும் எடுப்பதில்லை.

ட்ராஃப்டின் மூன்றாம் நாள் நாலாவது சுற்று வந்தது. குச்செரா எழுந்து நின்றான். “இப்ப, டிம்?” “உக்காரு.” ஐந்தாவது சுற்றிலும் எழுந்தான். “உக்காருன்னேன்.” ஆறாவது சுற்றில் சவாட்ஸ்கி நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஏழாவதும் முடிந்தது. நாட்டில் எந்த அணியும் ஏமஸ் டெ ஹானைத் தொடவில்லை. குச்செராவின் புரளி ஒருவரைக்கூட விட்டுவைக்கவில்லை.

யாரும் எடுக்காத பையன்களை அன்றைக்கே ஃபோனில் பிடித்துப் போடுவோம். பெரிய செலவில்லை, ஆகஸ்டில் வேண்டாமென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சவாட்ஸ்கி ஃபோனைக் குச்செரா பக்கம் தள்ளினார். “உன் தேவதூதனைக் கூப்பிடு. எனக்கு நட்டமில்லை.” எங்கள் வழக்கப்படி ஒலிபெருக்கியில் போட்டார், அறை முழுக்கக் கேட்கும்.

எடுத்தது அம்மா.

“மார்லிஸ்! நான் லவெர்ன் குச்செரா, டொலிடோவிலேர்ந்து.”

“தெரியுது. எங்க வீட்டுல சாப்பிட்டுப் போனவரு.”

“ஏமஸ்கிட்ட குடுங்க, நல்ல சேதி.”

“என்ன நல்ல சேதி? என் பையன் ஏஜென்ட் இன்னிக்குக் காலையிலேர்ந்து ஒவ்வொரு அணியாக் கூப்பிட்டு ஏன்யா எடுக்கலைன்னு கேட்டாரு. எல்லாரும் ஒரே பேரைத்தான், உங்க பேரைத்தான் சொன்னாங்க. என் சமையல்ல ரெண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்ன வாயி அப்படிப் பேசுச்சா? பேருந்துல நான் ஏத்திட்டுப் போற பிள்ளைங்க இனிமே கேக்கும், உங்க ஏமஸ் பயந்துட்டானாமேன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“மார்லிஸ், எங்களுக்கே அவன் வேணும்னுதான்—”

“உங்க வாயால என் பேரைச் சொல்லாதீங்க.”

ஃபோன் கை மாறுகிற சத்தம். பிறகு பையன் குரல், அமைதியாக.

“அங்க உங்க மேலாளர் இருக்காரா?”

“இருக்கேன் தம்பி,” என்றார் சவாட்ஸ்கி.

“வேற யாரும் என்னைக் கூப்பிடலை சார். இனிமே கூப்பிடவும் மாட்டாங்க. அதனால நீங்க குடுக்கறதுக்கு நான் வர்றேன். ஆனா நான் வர்றப்ப அந்த ஆள் அங்க இருக்கக் கூடாது.”

சவாட்ஸ்கி நாற்காலியில் சாய்ந்தார். “நீ யாரும் எடுக்காத பையன். நிபந்தனை போடற எடத்துல நீ இல்லை.”

“தெரியும் சார். அதான் ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன்.”

“நான் மாட்டேன்னா?”

“அப்பாவுக்குப் பன்னிக் கொட்டகையில ஆள் தேவைப்படுது. போயிடுவேன். வெச்சிடட்டுமா சார்?”

“இரு, இரு. வெச்சிடாதே.”

குச்செராவின் வேலையே அந்த மேசைமேல் பணயமாகக் கிடந்தது. அவன் தலை குனிவான், இல்லாவிட்டால் கத்துவான் என்று பார்த்தேன். அவன் மேசையை ஓங்கி அடித்தான். முகம் பளபளவென்றிருந்தது, அவனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

“பாத்தீங்களா? கேட்டீங்கள்ல? இவனா பாதியில ஓடி வர்றவன்? சொல்லுங்க டிம், இவனா?”

சவாட்ஸ்கி ஃபோன் பக்கம் குனிந்தார்.

“சரி தம்பி. கிளம்பி வா. அவன் இருக்க மாட்டான்.”

குச்செரா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான், அவன் கணிப்பு சரிதான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடமாட்டோமா என்று. என்னிடம் வந்ததும் நின்றான். அவன் கணிப்பு சரிதான். நான் சொல்லவில்லை.