கிடுக்கிக்குத் தப்பிய காளையும் ஃபூமாவும்

ஃபூமாவைப் பற்றி யாராவது குறை சொல்வதென்றால் என்னிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். நான் அவளுக்கு நாத்தனார். அந்த உரிமை முதலில் எனக்குத்தான். என் அண்ணன் ஸ்வானேவைக் கட்டியதால் அண்ணி முறை என்றாலும், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் வாடி போடிதான். அவள் வைக்கும் சூப்பில் உப்பு எப்போதும் தூக்கல். பிடிவாதம் அதைவிடத் தூக்கல். எங்கள் இஸ்ட்ரியாச் சீமையில் அந்தச் சாம்பல் நிற மாடு இன்றும் கொம்பை விரித்துக்கொண்டு நிற்கிறதென்றால், அதில் அவள் பிடிவாதத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் ஊர் ஆண்களுக்கு எருது என்றால் உயிர். பெண்டாட்டி பிறந்தநாள் மறந்துபோகும், எருதின் பிறந்தநாள் மறக்காது. நல்ல காளைக்கன்று ஒன்று பிறந்துவிட்டால் வீடே கூத்தாடும். இரண்டு வயதானதும் காயடித்து, நுகத்தில் பூட்டி, ஜூலை மாதம் புனித யாகோபு திருநாள் சந்தைக்கு ஓட்டிப்போவார்கள். அழகான எருதுக்கு ஒரு பரிசு, கனமான எருதுக்கு ஒன்று, சொன்ன பேச்சைக் கேட்கும் எருதுக்கு ஒன்று. காளைக்கு ஒன்றும் கிடையாது. நுகத்துக்கு லாயக்கில்லாத சோப்ளாங்கிக் கன்றுதான் காயடிபடாமல் தப்பும். பசுக்களுக்கு அதுதான் மாப்பிள்ளை.

இந்தக் கூத்தை முதலில் கேள்வி கேட்டவள் ஃபூமா. என் சாராயக்கடையில், ஆண்கள் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கேட்டாள்.

"ஊர்ல இருக்கிற அழகான பையனையெல்லாம் பிடிச்சுப் பாதிரியாராக்கிட்டு, நோஞ்சானுக்குப் பொண்ணு கொடுத்தா வம்சம் எப்படிய்யா விளங்கும்?"

பாதிரியாரும் அங்கேதான் இருந்தார். அவர்தான் முதலில் சிரித்தார்.

டிராக்டர் வந்த பிறகு மாடுகள் வண்டி வண்டியாகக் கசாப்புக்குப் போய்விட்டன. மிச்சம் மீதி இருந்தவற்றைத் தேடி நெவியா என்ற கால்நடை டாக்டர் ஊர் ஊராக வந்தார். ஒவ்வொரு மாட்டின் மூக்கும் கொம்பு நுனியும் கறுப்பாக இருக்கிறதா, உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். தாய் யார், தகப்பன் யார் என்று விசாரித்து, காதில் எண் குத்தி, வம்ச ஏட்டில் பதிவார். ஃபூமா சீராகக் கொண்டுவந்த பசு கயார்தாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "தங்கம்!" என்றார். ஆனால் முகம் மலரவில்லை.

"ஏட்டுல பசு இருக்கும்மா. காளைதான் இல்ல. இந்தப் பக்கம் இருக்கிற காளையெல்லாம் ஒரே அப்பன் பிள்ளைங்க. இப்படியே போனா அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கட்டிவைக்கிற கதைதான். கன்னு நோஞ்சானாப் பிறக்கும், அப்புறம் பிறக்காமலே போயிடும்."

"வேற ரத்தமே இல்லையா?"

"உச்கா மலையடிவாரத்துல ஒரு கிழக்காளை இருக்கு. ஏட்டுல ஏத்திட்டேன். எத்தனை நாளைக்கோ."

ஃபூமா மறுவாரமே கயார்தாவை மலையடிவாரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். "உள்ளூர்ல மாப்பிள்ளையே கிடைக்கலையாடி?" என்று வாசலில் நின்று கேலி செய்தவளும் நான்தான். அந்த இலையுதிர்காலத்தில் கிழக்காளை கால் ஒடிந்து கசாப்புக்குப் போயிற்று. அதன் ரத்தம் கயார்தாவின் வயிற்றில் மட்டும் மிஞ்சியது.

பிறந்தது காளைக்கன்று. எல்லாக் கன்றையும்போல் செவலையாகப் பிறந்து, பால் மறந்தபோது சாம்பல் ஏறியது. நெஞ்சு அகலமும் முதுகின் நேர்த்தியும் பார்த்து ஊரே கண் வைத்தது. ஃபூமா அதற்கு சரோஷின் என்று பெயரிட்டாள். நெவியா டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்து, தாய் தகப்பன் பெயரோடு ஏட்டில் ஏற்றினார்.

என் அண்ணனும் குதித்தான், வேறு காரணத்துக்காக. பாகின் என்ற அவனுடைய பரிசு எருதுக்கு ஜோடி முந்தின குளிர்காலத்தில் வயிறு ஊதிச் செத்திருந்தது. ஒற்றை எருது ஒற்றைச் செருப்பு மாதிரி. வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாகின் தொழுவத்தில் பக்கத்து இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்கே பாவமாக இருக்கும்.

"கர்த்தரே பார்த்து அனுப்பின ஜோடிடி இது. ரெண்டு வயசாகுற வசந்தத்துல பெப்போவைக் கூப்பிடுறேன்" என்றான். பெப்போ எங்கள் வட்டாரத்தில் காயடிக்கிறவன். அவன் தோல்பையும் அதற்குள் இருக்கும் இரும்புக் கிடுக்கியும் தெருவில் போனால் நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

"இவனைத் தொட்டா அந்த மலைக்காளை வம்சம் இதோட சரி. ஏட்டுல பேர் மட்டும்தான் இருக்கும். புரியுதா உனக்கு?" என்றாள் ஃபூமா.

"காளைய யாருடி கட்டி மேய்ப்பா? சுவரை இடிக்கும், ஆளைக் குத்தும்!"

"நீயும்தான் குடிச்சா சுவரை இடிக்கிற. உன்னை நான் மேய்க்கலையா?"

பெப்போ வந்த அன்று தொழுவம் காலி. அண்ணனும் அவனும் தோட்டமெல்லாம் தேடிவிட்டு, அலுத்துப்போய் என் கடைக்கு வந்து ஒயின் கேட்டார்கள். ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், தரைக்கு அடியிலிருந்து ஒரு முக்காரம்! மேசைமேல் கோப்பைகள் ஆடின. பெப்போ என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"டொரீனா, உன் பீப்பாய்க்கு வயித்துவலி போலிருக்கே."

நிலவறைக்கு ஓடினோம். சரோஷின் கொம்பால் பீப்பாயின் அடைப்பானைத் தட்டிவிட்டு, தரையில் ஓடிய வெள்ளை ஒயினை நக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஃபூமா, நுகத்தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு.

"கூடப் பிறந்தவளே கூட்டாடி?" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தான்.

"ஆமா, கூட்டுதான். என்ன பண்ணுவ?" என்றேன். விடியுமுன் நிலவறைச் சாவியைக் கொடுத்தவளே நான்தானே. எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? போனது என் ஒயின்.

ஃபூமா கத்தவில்லை. "நேத்துவரைக்கும் இவன் என்கூடத் திராட்சைக் கொடிக்கு நடுவுல நடந்து வந்தான். கயிறு இல்லாம. ஒரு கொடி சாயல. போய்ப் பாரு" என்றாள்.

"எருது பண்றதைக் காளை பண்ணுமா? சும்மா அளக்காதே."

"பண்ணும்."

அண்ணனுக்கும் சூடு ஏறிவிட்டது. "சரி. யாகோபு திருநாள் வரைக்கும் விடுறேன். பந்தயத் திடல்ல, ஊர் முன்னாடி, உன் வாய்ச்சொல்லுக்கு நடக்கட்டும். நடந்தா அவன் காளையாவே இருக்கட்டும், நான் வாயைத் திறக்கல. ஒரே ஒரு தரம் முரண்டு பண்ணட்டும், பெப்போ அங்கயே நிப்பான்."

"நீ வாயைத் திறக்காம இருந்தா அதுவே எனக்குப் பெரிய பரிசு" என்றாள் ஃபூமா. கை கொடுத்துக்கொண்டார்கள்.

அன்று முதல் அவள் வேறு நினைப்பாக இல்லை. விடிந்ததும் சரோஷினோடு வயலுக்குப் போவாள். பேசுவாள், திட்டுவாள், உப்புக் கட்டி கொடுப்பாள். அதுவும் தூக்கலாகத்தான் இருந்திருக்கும். ஒரு நாள் மட்டும் என் கடை அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். "நடந்தா மட்டும் போதாதுடி. நாளைக்கு ஒருத்தனும் பசுவை ஓட்டிட்டு வரலன்னா ஏட்டுல எழுதி என்ன பிரயோஜனம்?" நான் அவளுக்கு ஒரு கோப்பை ஊற்றினேன், வேறென்ன செய்ய?

திருநாள் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. எருதுகள் எல்லாம் ஜோடி ஜோடியாக நடந்து முடித்தன. பாகின் ஒற்றையாக வேலியோரம் நின்றது. பரிசு கொடுத்த பிறகு ஃபூமா திடலுக்குள் வந்தாள். கோயிலுக்குப் போகிற நீலக் கவுன், காலில் சேற்று பூட்ஸ். பின்னால் சரோஷின், மூக்கில் வளையம், வளையத்தில் கயிறில்லை. தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துச் சுவருக்குப் பின்னால் விட்டார்கள். பெப்போ பையோடு வேலியோரம் வந்து நின்றான்.

"வா" என்றாள். வந்தான். "நில்." நின்றான். "பின்னால." அந்த மலை உடம்பு ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்னால் போயிற்று. எருதுகூட இவ்வளவு நயமாகப் பின்வாங்கிப் பார்த்ததில்லை என்று என் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார்.

அப்போதுதான் காற்று திரும்பியது. லாரிகளுக்குப் பின்னால் யாரோ கட்டியிருந்த பசு ஒன்று சினைப்பருவத்தில் இருந்திருக்கிறது. சரோஷின் தலையைத் தூக்கினான். மேலுதட்டைச் சுருட்டினான். முன்னங்கால் மண்ணைப் பறித்தது. வேலியோரம் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். பெப்போவின் கை பைக்குள் போயிற்று.

"விட்றாதேடி ஃபூமா!"

கத்தியது யார் என்கிறீர்கள்? என் அண்ணன்! வேலிமேல் ஏறி நின்று, தொப்பியைக் கசக்கிக்கொண்டு கத்துகிறான். பந்தயம் கட்டியவனே!

ஃபூமா திரும்பிப் பார்க்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "சரோஷின், கல்யாணமெல்லாம் அப்புறம். இப்ப வா."

அவன் லாரிப் பக்கம் பார்த்தான். அவளைப் பார்த்தான். பெருமூச்சு ஒன்று விட்டான், தூசி பறந்தது. பிறகு மெல்ல நடந்து வந்து அவள் கவுனில் மூக்கைத் துடைத்தான்.

அப்புறம் எழுந்த சத்தத்தில் கோயில் மணிகூடக் கேட்கவில்லை. நான் அழுதேன், மறைக்கவில்லை. நெவியா டாக்டர் யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெப்போ திடலுக்குள் வந்தான்.

"ஃபூமா" என்று தொண்டையைக் கனைத்தான். "வீட்டுல ரெண்டு பசு வச்சிருக்கேன். நல்ல ஜாதி, ஏட்டுல இருக்கு. ஓட்டிட்டு வரட்டுமா?"

அவள் அவனையும் பையையும் பார்த்தாள்.

"பசுவை ஓட்டிட்டு வா. அந்தப் பையை வீட்டுல வச்சுட்டு வா."

அந்த வருஷம் பெப்போவுக்குப் பின்னால் ஊர் ஊராகப் பசுக்கள் வந்தன. நெவியா டாக்டர் உறைநிலையில் சேமிக்க விந்தும் எடுத்துப்போனார். சரோஷினின் பெண்மக்கள் இன்று எத்தனையோ தொழுவத்தில் கன்று போடுகிறார்கள். அண்ணனின் பாகினுக்கும் ஒரு ஜோடி கிடைத்தது, சரோஷினின் மகன்களில் ஒருவன். ஆண்கன்றுகளில் ஆக நல்லவன் காளை, அடுத்தவன் எருது, மற்றவன் கறியாக என் கடைத் தட்டுக்கு என்பது ஃபூமா போட்ட சட்டம். தின்ன ஆள் இல்லாத மாட்டை எவன் வளர்ப்பான் என்பாள், சரிதானே?

போன வசந்தத்தில் அண்ணன் தொழுவத்தில் இரண்டு வயதை எட்டிய ஒரு கன்று. சரோஷினை உரித்து வைத்தது போலிருந்தான். மற்றவற்றைக் காயடிக்க வந்த பெப்போ அவனையும் ஒரு பார்வை பார்த்திருக்கிறான். வாயைத் திறக்கமாட்டேன் என்று கை கொடுத்த என் அண்ணன் தொழுவ வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"டேய், அவன்மேல கை வச்ச, உனக்குக் காயடிச்சுடுவேன். அவன் காளைடா!"

ஃபூமா உள்ளே சூப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் கை தவறி இன்னும் ஒரு பிடி விழுந்துவிட்டது. அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தோம்.