மேரி காத்திருந்த ஏரி

நாங்கள் ஸ்காட்லாந்துக்குப் போன ஆண்டை அம்மா, “மேட்ரன் வீட்டுக்குப் போன வருஷம்” என்று சொல்லி முடித்துவிடுவாள். எனக்கு அது போதாது. முத்திரை விழுந்த பழைய பாஸ்போர்ட்டுகள் வீடு மாறியதில் தொலைந்துவிட்டன. கேமராவில் யாரும் தேதியைச் சரிசெய்யாததால், எல்லாப் படங்களின் மூலையிலும் நான் தொட்டிலில் கிடந்த காலத்து ஒரு ஜனவரி மாதம் பதிவாகியிருக்கிறது. படத்தில் மலை முழுக்க ஊதாப் பூக்கள். அங்கே ஜனவரியில் அந்தப் பூ பூப்பதில்லை.

ஆகவே மற்ற சாட்சிகளைக் கொண்டுதான் காலத்தை நெருங்க வேண்டியிருக்கிறது. துபாயில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியிருந்தது. பர் துபாயில் எங்கள் தெருமுனையை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ரயில் இன்னும் ஓடவில்லை. சவுதியில் அப்போது வியாழனும் வெள்ளியும் விடுமுறை. இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் எங்கள் குடும்பம் இருந்தது. அம்மாவும் நானும் துபாயில், அப்பா சவுதியின் ஜுபைலில். அம்மாவுக்கு ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, அப்பாவுக்கு ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் டெக்னீஷியன் வேலை. இருவருக்கும் பொதுவான நாள் வெள்ளி ஒன்றுதான். அதிலும் அம்மாவுக்கு டியூட்டி விழாத வெள்ளியாக இருக்க வேண்டும், அப்பாவுக்கு ஓவர்டைம் இல்லாத வெள்ளியாக இருக்க வேண்டும்.

இனி, எங்களை அங்கே கொண்டுபோன புத்தகம். அம்மாவின் மருத்துவமனையில் மேட்ரனாக இருந்த ஸ்காட்லாந்துக்காரப் பெண்மணி ஓய்வு பெற்று ஊருக்குப் போனபோது, தூக்கிக்கொண்டு போக முடியாத பொருட்களை மற்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒருவருக்கு மிக்ஸி, ஒருவருக்கு இஸ்திரிப் பெட்டி. அம்மாவுக்கு ஒரு தடித்த ஆங்கில நாவல். இடைக்காலத்து ஸ்காட்லாந்தில் நடக்கும் காதல் கதை. அட்டையில் ஒரு மாவீரன் பனிக்காற்றில் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு நின்றிருந்தான். நிமோனியா வந்துவிடும் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு என் பள்ளிப் புத்தகங்களுக்குப் போடுகிற பழுப்பு உறையை அதற்கும் போட்டாள். வார்டில் பார்த்தவர்கள் அதை நர்சிங் பாடநூல் என்றும், சர்ச்சில் பார்த்தவர்கள் ஜெபப் புத்தகம் என்றும் நினைத்துக்கொண்டார்கள்.

நான் அந்த நாவலை வாசிக்கவில்லை. எனக்கு அது சொல்லப்பட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம், மீன்குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா ஆங்கிலத்தில் மனத்துக்குள் வாசித்துக் கன்னியாகுமரிக் கடற்கரைத் தமிழில் எனக்குச் சொல்வாள். கதாநாயகியின் பெயரிலேயே எங்களுக்குச் சிக்கல் வந்தது. அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி, “மைரி” என்று நான் உரக்கப் படித்தேன். எங்கள் மொழியில் தலைமுடிக்கும் வசவுக்கும் பொதுவான ஒரு சொல்லுக்கு அது மிகப் பக்கத்தில் இருந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள்.

“ஏட்டி, சத்தம் போடாத. அடுத்த ரூம்ல ஆளு இருக்கு.”

அடுத்த அறையில் எங்களோடு ஃபிளாட்டைப் பகிர்ந்துகொண்ட மதுரைக் குடும்பம் இருந்தது.

“அப்போ அவ பேரு என்ன?”

“மேரின்னு வச்சுக்கோ.”

அப்படித்தான் அவள் எங்களுக்கு மேரியானாள். ஏரி நடுவே தீவுக் கோட்டையில் இருக்கும் பிரபுவின் மகள் மேரி. அவளும் அந்த மாவீரனும் அளவுகடந்த பக்தி உள்ளவர்கள். தோட்டத்தில் சந்தித்தால், “பெறவு அவிய ரெண்டு பேரும் ஜெபம் பண்ணுனாவ” என்பாள் அம்மா. படிக்கட்டில் சந்தித்தாலும் ஜெபம். மழைக்கு ஒதுங்கிய குதிரை லாயத்தில் மிக நீண்ட ஜெபம்; அதற்கு அம்மா இரண்டு மூன்று பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினாள். ஸ்காட்லாந்து மக்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை உண்டானது.

பிறகு போர் வந்தது. மாவீரன் ராஜாவின் படையில் சேர்ந்து, ஏரிக்கு அக்கரையில் மலையடிவாரத்துப் பாசறைக்குப் போனான். பாசறை என்ற சொல் எனக்குத் தெரியாது என்பதால் அம்மா அதை ‘கேம்ப்’ என்றாள். அப்பா இருப்பதும் கேம்ப். ஆகவே மாவீரன் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருப்பதாகவும், மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்பதாகவும் நான் கற்பனை செய்துகொண்டேன்.

“அவரு ஏன் லீவு போட்டுட்டு மேரியப் பாக்க வரல? ராஜா பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிருக்காரா?”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “ஆமா, அப்பிடித்தான்னு வச்சுக்கோ.”

மேரி கோட்டை ஜன்னலில் நின்று, கடல் மாதிரி அகன்ற அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மறுகரை தெரியாது. பனி விலகும் நாட்களில் பாசறை நெருப்பு மட்டும் புள்ளியாகத் தெரியும். ஊதாப் பூ பூக்கும் முன் வந்துவிடுவேன் என்று அவன் சொல்லியிருந்தான். பூ பூத்து உதிர்ந்து, மறுபடி பூத்தது. கதையில் அம்மாவுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புத்தகம் எங்கே திறந்தாலும் அந்த இடத்தில்தான் திறந்துகொள்ளும். இன்னொன்றையும் பின்னாளில் நினைவில் அடுக்கிப் பார்த்தேன். அப்பா லீவு முடிந்து திரும்பிப் போன வாரங்களில்தான் அந்தப் பழுப்பு உறை அலமாரியை விட்டு வெளியே வந்திருக்கிறது.

நூலின் கடைசியில் இருந்த குறிப்பில், கதை நடக்கும் கோட்டை உண்மையான ஒன்று என்றும் அது எங்கே இருக்கிறது என்றும் ஆசிரியை எழுதியிருந்தார். மேட்ரனின் ஊர் அதற்கு வெகு அருகில். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லப் பேசியபோது அம்மா அதைச் சொல்லியிருக்கிறாள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வா, என் வீட்டில் தங்கு என்று மேட்ரன் அழைத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டாள். நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினாள், தேர்வுக்குப் படிப்பதுபோல. கோட்டையின் எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் படித்துறை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அப்பா தொலைபேசியில் கேலி செய்வார். “உங்க அம்மைக்க கோட்டை தண்ணிக்க நடுவுலயா இருக்கு? தண்ணி பாக்கவா அவ்வளவு தூரம்? அதுக்கு ஜுபைல் ஜெட்டிக்கு வந்தாப் போராதா?”

அம்மா சிரிக்கமாட்டாள். “கேட்டியளா, வருவேன்னு சொல்லாதிய. வாங்க.”

அப்பா வருவதற்கு எல்லாம் தயாராகத்தான் இருந்தது. விசா கிடைத்துவிட்டது. துபாய்க்கு வந்து எங்களோடு சேர்ந்து புறப்படுவது என்று ஏற்பாடு. கோட்டையின் ஜன்னலில் அப்பாவோடு நிற்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை என்று எனக்கே தெரியும். படம் எடுக்கும்போது யார் எங்கே நிற்பது என்பதைக்கூட அவள் சொல்லி வைத்திருந்தாள்.

புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கொதிக்காத குழம்பைக் கிண்டப் போனாள்.

“ஷட்டவுன் நீண்டு போச்சு மக்ளே. ஒருத்தனுக்கும் லீவு கெடயாது. கேட்டா ‘மாஃபி, இல்ல’ங்கான்” என்றார் அப்பா.

எனக்கு அது விளங்கவில்லை. “ஷட்டவுன்னா மூடுறதுதானே? மூடியாச்சுன்னா வீட்டுக்கு வர வேண்டியதுதானே?”

அப்பா சிரித்தார். “ஓடிக்கிட்டிருக்கிற மெஷினுக்கு ஆப்பரேஷன் பண்ண முடியுமா? நிறுத்திப் போட்டாத்தான் பிரிச்சு வைத்தியம் பாக்க முடியும். அப்போதான் எல்லாருக்கும் டியூட்டி.” மூடினால்தான் வேலை அதிகம் என்ற இந்த விதி உலகத்தில் எனக்குப் பிடிபடாத பலவற்றில் ஒன்றாகச் சேர்ந்தது. “நீங்க போங்க. முடிஞ்ச ஒடனே நான் நேரா அங்க வந்துருதேன். அம்மைட்ட சொல்லு.”

சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே அம்மா, “கேட்டுச்சு” என்றாள்.

ஆக, நாங்கள் இருவர் மட்டும் போனோம். மேட்ரன் சிவந்த முகமும் பெரிய கைகளுமாக எங்களை ரயிலடியில் கட்டிக்கொண்டார். துபாயில் இவரைக் கண்டால் வார்டே நடுங்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள். இங்கே அவர் பூனைக்குப் பயந்தார். பூனை பக்கத்து வீட்டுடையது. ஆகஸ்ட் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடப்பது எனக்கு ஒரு மோசடி மாதிரி இருந்தது. மலைகளில் ஊதாப் பூ பூத்துக் கிடந்தது. அம்மா அதைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். வாசனை ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்று அவள் முகம் சொன்னது.

கோட்டைக்கு மட்டும் நாங்கள் போகவே இல்லை. மறுநாள் போவோம் என்பாள் அம்மா. மறுநாள் மழை. அடுத்த நாள் மழை இல்லை, ஆனால் வரும்போலிருந்தது. பிறகு மேட்ரனின் தோட்டத்துக்குக் களை எடுக்க வேண்டியிருந்தது. பொழுதுசாய்கிற நேரத்தில் அம்மா ஜுபைலுக்குக் கூப்பிடுவாள். கம்பெனிக்காரன் இன்றைக்கு விட்டுவிடுவான், நாளைக்கு விட்டுவிடுவான் என்று அப்பா சொல்வார். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்து, கதவைச் சாத்துவார்.

கடைசியில் திரும்பும் நாளுக்கு முந்தைய நாள் வந்துவிட்டது. அன்று அம்மா ஜுபைலுக்குக் கூப்பிடவில்லை. காலையில் எழுந்து, அப்பாவுடன் எடுக்கும் படத்துக்காக வைத்திருந்த மஞ்சள் சேலையைக் கட்டி, அதன்மேல் மேட்ரனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, “வா மக்ளே, போவோம்” என்றாள்.

மேட்ரன் காரில் ஏரிக்கரையில் கொண்டுவிட்டார். படகு ஆட்டம் அவருக்கு ஆகாது, ஃபிளாஸ்க்கோடு கரையிலேயே இருந்துகொண்டார். சின்ன மோட்டார் படகு. டிக்கெட் பார்த்தவள் இளம்பெண். அவள் கோட்டில் குத்தியிருந்த பெயரை நான் எழுத்துக் கூட்டினேன். அதே எழுத்துகள்.

“அம்மா, மைரி” என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்த நாட்டிலும் அடுத்த அறையில் ஆள் இருக்கும் என்று பயந்தாள் போலிருக்கிறது.

அந்தப் பெண் சிரித்தாள். எல்லா வெளியூர்க்காரர்களும் இப்படித்தான் தடுமாறுகிறார்கள் என்றாள். அதை ‘வாரி’ என்று சொல்ல வேண்டுமாம். ஒன்றுமில்லை, மேரி என்ற பெயரின் எங்கள் ஊர் வடிவம்தான் என்றும் சொன்னாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். “நான் அப்பவே சொன்னேன்லா?” அவ்வளவு பெருமையாக அவளை அந்தப் பயணத்தில் நான் பார்த்தது அப்போதுதான். வாரி என்றால் பழந்தமிழில் கடல் என்று நான் அறிந்துகொண்டது கல்லூரிக் காலத்தில். அதைச் சொன்னபோது அம்மா அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

கோட்டை இடிந்திருந்தது. கூரை இல்லை. ஆனால் படித்துறை அம்மா சொன்ன பக்கத்தில் இருந்தது, ஜன்னலும் சொன்ன பக்கத்தில் இருந்தது. வழிகாட்டி யாரும் தேவைப்படவில்லை. என் கையைப் பிடித்து அவளே வளைந்த கல்படிகளில் ஏற்றிக்கொண்டு போனாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கல் பெஞ்சு. அம்மா அதில் உட்காராமல் நின்றாள். வெளியே பார்த்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். ஏரி இருந்தது. ஏரிக்கு அப்பால் கரை இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் மேட்ரனின் சிவப்புக் கார் தெரிந்தது. அதன் பக்கத்தில் மேட்ரன் ஃபிளாஸ்க்கின் மூடியில் தேநீர் ஊற்றுவது தெரிந்தது. எங்களைக் கண்டுகொண்டு கையை ஆட்டினார்.

“இவ்வளவு தூரந்தானா?” என்றாள் அம்மா.

“புக்குல பெருசு” என்றேன், ஆறுதலாக.

“இது நம்ம க்ரீக்குதானே. பர் துபாய்ல அப்ரா படகுல ஏறுனா அக்கரை தேரால எறங்குற தூரம்.” அவள் குரலில் கோபம் இருந்தது. “கூப்பிட்டாக் கேக்கும் போலருக்கு. இவளுக்கு ஒரு வள்ளம் கெடக்கலியா? எங்க அப்பாக்க வள்ளத்த நான் ஒத்தைக்குத் தள்ளி எறக்கியிருக்கேன், ஒன் வயசுல.”

“அவ ஹீரோயின் அம்மா. வெயிட் பண்ணணும்.”

“யாரு சொன்னா?”

“அவரு கேம்ப்ல இருக்காரு. ராஜா விடமாட்டாரு.”

“அவரத்தானே விடமாட்டாரு. இவள யாரு புடிச்சு வச்சிருக்கா? எறங்கிப் போயிருக்கணும்.”

காற்று அடித்தது. அவள் சேலைத் தலைப்பு மழைக்கோட்டுக்கு அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. கதையை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “அவ போயிட்டா அப்புறம் ஸ்டோரியே இருக்காதே அம்மா.”

“கத இல்லாட்டிப் போவட்டு” என்றாள்.

படம் எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிப் படியிறங்கினாள். எங்களிடம் இருக்கும் படங்கள் எல்லாம் மலையில் எடுத்தவைதான். கோட்டையில் எடுத்தது ஒன்றுகூட இல்லை.

அந்த எழுத்தாளரை அம்மா குறை சொல்கிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகு, கோட்டை ஏமாற்றிவிட்டது என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவின் ஷட்டவுன் நாங்கள் திரும்பிய பிறகும் முடியவில்லை. அடுத்த ஏப்ரலில், எங்கள் பள்ளிகளில் புது வகுப்பு தொடங்குகிற சமயம், அம்மா துபாய் வேலையை விட்டு ஜுபைலில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குப் புதுப் பள்ளி, புதுச் சீருடை. அதை அவள் எந்த நாளில் முடிவு செய்தாள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள விரும்பிப் பலமுறை கேட்டிருக்கிறேன். “எவளுக்கு ஞாபகம்?” என்பாள்.

என்னிடம் இருக்கும் ஒரே தடயம் இதுதான். ஒவ்வொரு ஆண்டும் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன், என் சீருடைப் பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து ஒரு விரற்கடை இறக்கித் தைப்பாள் அம்மா. அந்த ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்ததும் பாவாடையை எடுத்து என் இடுப்பில் வைத்து அளந்து பார்த்தாள். பிறகு அதைப் பிரிக்காமலே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். அந்த முறை நான் வளரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.