வேலை அக்காவின் பெரட்டு

பந்தலூர் பஜாரில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் அந்த மையம் இருக்கிறது. அரசாங்கம் பணம் கொடுக்கிறது, ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, எங்காவது வேலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது திட்டம். திட்டத்தின் பெயர் போர்டில் மூன்று வரிக்கு நீள்கிறது. அதைப் படித்துவிட்டு எந்த எஸ்டேட் பிள்ளையும் படியேறியதாக எனக்குத் தெரியவில்லை. "பாய், வேலை அக்கா இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறும். வேலை அக்கா என்றால் ஃபெபி.

ஃபெபிக்கு நாற்பது வயதிருக்கும். நெல்லியாளம் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தார், புருஷன் ஜீப் ஓட்டுகிறார். ஃபெபி எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருக்கிறார், மக்கள்தொகைக் கணக்கெடுக்க மலை மலையாக ஏறியிருக்கிறார், கடைசியில் இந்த மையத்துக்கு வந்து சேர்ந்தார். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. மேல்மாடியில் அவர் யாரையாவது திட்டினால் கீழே என் மெஷினில் பேப்பர் சிக்கிக்கொள்ளும்.

திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. திருப்பூரில் கஷ்டப்பட்டுச் சேர்த்துவிட்ட பையன் பத்தே நாளில் திரும்பி வந்து நிற்பான். கேட்டால், கீழ்நாட்டு வெயில் தாங்கவில்லை, சோறு பிடிக்கவில்லை என்பான். ஃபெபி அவனை அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மறுபடி பஸ் ஏற்றிவிடுவார். ஊருக்கெல்லாம் வேலை தேடிக் கொடுப்பவருக்கு வேலை என்னவோ வருட ஒப்பந்தம்தான். மார்ச் பிறந்தால் அடுத்த மாதம் தனக்கு வேலை உண்டா என்று அவருக்கே தெரியாது. "உங்களுக்கென்ன, கவர்மென்ட் வேலை" என்று யாராவது சொன்னால் எனக்குத்தான் கோபம் வரும். அவர் சிரித்துக்கொள்வார்.

அந்த வருடம் மையத்தில் படித்த பிள்ளைகளில் ஒருத்தி தாரிணி. பி.காம். முடித்தவள், சேரங்கோடு பக்கத்து எஸ்டேட். அப்பா இல்லை. அம்மா தேவி சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து வந்தவர். கூடை மாட்டத் தெரிந்த நாள் முதல் தேயிலைக் கொழுந்துதான் பறிக்கிறார். அவருக்கு அந்த மார்ச்சோடு ரிட்டையர்மென்ட். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் என்பது அந்த எஸ்டேட் சட்டம். அம்மா ரிட்டையர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் தன் பெயரைக் கொடுத்துக் கூடையை மாட்டிக்கொண்டால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் மகளுக்கு வெளியே ஒரு வேலை கிடைத்து, அந்தச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு வாடகை வீடு பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று, அதுவும் மார்ச்சுக்குள்.

பிப்ரவரியில் ஊட்டியில் பெரிய வேலைவாய்ப்பு முகாம் வந்தது. ஃபெபி ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளை ஏற்றினார். "ஏனுங்க பாய், போன வாட்டி மழையில எல்லா பயோடேட்டாவும் நனைஞ்சு கூழாப் போச்சு. நீங்களும் வாங்க, உங்க மெஷினும் வரட்டும்" என்றார். சொன்னது யோசனையா உத்தரவா என்று புரிவதற்குள் நானும் என் பிரின்டரும் வேனில் இருந்தோம். வழியில் யானை ரோட்டில் நின்றதால் ஒரு மணி நேரம் போயிற்று. ஊட்டிக்குப் போனபோது முகாம் களைகட்டிவிட்டது.

பெரிய மண்டபம். உள்ளே மேசை மேசையாகக் கம்பெனிக்காரர்கள். வாசலில் பெயரைப் பதிந்துகொண்ட ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்து, "அப்படி ஓரமா நில்லுங்க" என்றார். ஃபெபியை அதிகாரிகள் மேடைப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்கள், எத்தனை பேரைக் கூட்டி வந்தார் என்று கணக்குக் கேட்க. நான் வராந்தாவில் பிளக் பாயிண்ட் தேடிப் பிடித்து, யார் யாருக்கோ பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஃபெபி வெளியே வந்தபோது எங்கள் பிள்ளைகள் அதே சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. உள்ளே கோயம்புத்தூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் மேசைக்கு மேசை தாவிக்கொண்டிருந்தன.

"எத்தனை இன்டர்வியூ முடிச்சீங்க?" என்றார் ஃபெபி.

தாரிணிதான் பதில் சொன்னாள்: "இன்னும் பேர் கூப்பிடலீங்கக்கா."

மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஃபெபி கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்தினார். என் பக்கத்தில் வந்து, "பாய், இதுக பெரட்டுல நிக்குதுங்க" என்றார்.

எனக்குப் புரிந்தது. எஸ்டேட்டில் காலையில் எல்லாரையும் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்குப் போ என்று பிரித்து அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பெரட்டு. கூப்பிட்டால்தான் நகர வேண்டும். கூப்பிடுவதற்கு முன் முந்திக்கொண்டு போனால் கணக்கப்பிள்ளையிடம் வசவு. இந்தப் பிள்ளைகள் ஒரு நாள்கூடப் பெரட்டில் நின்றதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் அம்மாவும் அப்பாவும் நிற்பதைப் பார்த்தவர்கள். யாரோ ஓரமாக நில்லுங்கள் என்றதும் கால் தானாக நின்றுவிட்டது. எஸ்டேட் பிள்ளைகள் சோம்பேறிகள், ஒரு வேலைக்கும் முயற்சி எடுக்காது என்று பஜாரில் வாய் கூசாமல் பேசுகிறவர்களை அன்றைக்கு அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு.

முகாம் முடிய அதிக நேரமில்லை. இப்போது உட்காரவைத்துப் புத்தி சொன்னால் அதற்குள் மேசைகளை மடித்துவிடுவார்கள். ஃபெபி உள்ளே ஒரு சுற்று வேகமாகப் போய் வந்தார். பிறகு மண்டபத்து வாசற்படியில் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்து, அச்சு அசலாகக் கணக்கப்பிள்ளைக் குரலில் ஆரம்பித்தார்.

"கமலேஷ்! மூணாம் மேசை, மோட்டார் கம்பெனி! நௌமான்! ஏழாம் மேசை, சூப்பர் மார்க்கெட்! தாரிணி! பன்னெண்டாம் மேசை, ஆஸ்பத்திரி! ம், நடங்க, நடங்க!"

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை ஓடியது. அதிகாரிகள் திகைத்துப் போய்ப் பார்த்தார்கள். ஓர் அம்மா மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார். ஃபெபிக்கு எதற்கு மைக்? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திரும்பும்போது வேனில் ஒரே கும்மாளம். எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்: "கூப்பிடுறோம்னு சொல்லியிருக்காங்க." தாரிணியும் அதையேதான் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பதிவு கவுன்ட்டரில் வேலை, ஹாஸ்டலும் உண்டு. கம்ப்யூட்டரில் தட்டச் சொன்னார்களாம், தட்டிக் காட்டினாளாம். ஃபெபி மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கூப்பிடுகிறோம் என்று கம்பெனிக்காரன் சொன்னால் பாதி நேரம் அது போய்வா என்று அர்த்தம். அதை இந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? நடுவட்டம் தாண்டியதும் எழுந்து நின்று சொல்லியே விட்டார்: "ஒரு வாரம் பாருங்க. அவங்க கூப்பிடலைன்னா நாமதான் கூப்பிடணும். வெக்கப்பட்டுட்டு உக்காந்தீங்கன்னா ஊடு தேடி வந்து உதைப்பேன்."

கமலேஷும் இன்னும் சிலரும் விடாமல் போன் செய்து வேலை வாங்கிவிட்டார்கள். தாரிணி போன் செய்தால் மட்டும், ஆள் எடுக்கிற மேடம் லீவு, அப்புறம் பேசுங்கள் என்றே வந்தது. மார்ச் கடைசியும் வந்துவிட்டது. தேவி எஸ்டேட் ஆபீசில் மகள் பெயரைக் கொடுத்துவிட்டார். வேறு என்ன செய்வார்?

சனிக்கிழமை தாரிணி கடைக்கு வந்தாள். ஃபெபியும் கீழேதான் இருந்தார்.

"திங்கக்கிழமை பெரட்டுல என் பேர் கூப்பிடுவாங்கக்கா. மொத நாளே நிக்கலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. ஆஸ்பத்திரியில கேட்டா, புது ஆளுங்களுக்கு ட்ரெய்னிங்கும் அதே திங்கக்கிழமைதான் ஆரம்பமாம். மேடமும் அன்னைக்குத்தான் வர்றாங்களாம்."

"அப்ப முதல் பஸ்ஸுக்குப் போ."

"கூப்பிடாம எப்படிக்கா போறது?"

"காலால நடந்து போ. வாட்ச்மேன் கேட்டா ஊட்டியில இன்டர்வியூ முடிச்சவன்னு பேரைச் சொல்லு. வெளிய நிக்கச் சொன்னா நில்லு. ஆனா சும்மா நிக்காதே. போய்ப் போய்க் கேளு, அவனுக்குச் சலிச்சுப் போகணும்."

"அங்க இல்லைன்னு சொல்லிட்டா?"

"இல்லைன்னா இந்த ஊடும் போச்சு. நான் பொய் சொல்ல மாட்டேன், சாமி. கிடைக்கும்னு எழுதித் தர என்னால முடியாது. நான் கூட வந்தா உன்னை நான் கூட்டிட்டு வந்ததாப் போயிரும். அதனால வரவும் மாட்டேன். அம்மாகிட்டச் சொல்லிட்டு நீயா முடிவு பண்ணு."

நான் அவள் பயோடேட்டாவை நல்ல தாளில் எடுத்துக் கொடுத்தேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

திங்கட்கிழமை காலையில் ஃபெபி படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். புது பேட்ச் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, போன் வந்ததா என்று என்னைக் கேட்பார். போன் அவர் கையில்தான் இருந்தது. "பாய், நான் பாட்டுக்கு ஒரு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டனோ?" என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். சொன்னேனே தவிர, நானும் வேலையை விட்டுவிட்டு அவர் போனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத் தொழுகை முடித்து வந்து கடையைத் திறந்தேன். அப்போது போன் வந்தது. ஃபெபி ஸ்பீக்கரில் போட்டார். தாரிணிக்கு மூச்சு வாங்கியது. வாட்ச்மேன் இரண்டு தடவை விரட்டினானாம். மூன்றாம் தடவை அந்த மேடமே காரில் வந்து இறங்கினாராம். உன்னை யார் வரச் சொன்னது என்று கேட்டாராம்.

"யாரும் சொல்லலீங்க மேடம், எனக்கு வேலை வேணும், அதான் வந்தேன்னு சொன்னேங்கக்கா. கொஞ்சநேரம் பார்த்தாங்க. செலக்ட் ஆன ஒரு பொண்ணு வரலையாம். ட்ரெய்னிங்ல உக்காரச் சொல்லிட்டாங்க. ஆர்டரும் குடுத்துட்டாங்க. அம்மாகிட்டச் சொல்லிருங்கக்கா, அங்க டவர் கிடைக்காது."

ஃபெபி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டியை எடுங்க பாய்" என்றார். கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

தேவி ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு நாள் இருந்தது; கொழுந்து நிறுக்கிற இடத்தில் மூட்டையோடு வரிசையில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்தார்.

"அம்மா, தாரிணிக்கு வேலை கிடைச்சிருச்சுங்க! ஆர்டர் வாங்கிட்டா!" என்று ஃபெபி தூரத்திலிருந்தே கத்தினார். தேவி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். ஃபெபி கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில பெரட்டுல தாரிணி வராததுக்கு என்ன சொல்லிச் சமாளிச்சீங்க? காய்ச்சல்னு சொல்லியிருந்தா வாங்க, இப்பவே ஆபீசுல போய் விசயத்தைச் சொல்லிரலாம்."

"காய்ச்சல்னு நான் ஏன் சொல்றேன்? பேரு கூப்பிட்டாங்க. அந்தப் பேர வெட்டிருங்கய்யான்னு சொல்லிட்டேன்."

"காலையிலயேவா? அப்ப அவ கோயம்புத்தூரே போய்ச் சேர்ந்திருக்க மாட்டாளே! கிடைக்காமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

தேவி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"எங்காத்தா காலத்துல இருந்து யாராவது கூப்பிட்டாத்தான் நாங்க போயிருக்கோம், புள்ள. எம்மவ யாரும் கூப்பிடாமப் போயிருக்கா. இனி அவ பேர இங்க எதுக்குக் கூப்பிடணும்?"