வெள்ளிக்கிழமைத் தலைவலி

நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல 'டிக் டிக்' என்றொரு சத்தம், அதன் பின்னாலேயே முன் இருக்கையிலிருந்து கிளம்பும் தைல நெடி: எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மாலை இந்த இரண்டினாலும் ஆனது. அப்பா பினாங்கு துறைமுகத்தில் குமாஸ்தா. அவருடைய பழைய கறுப்புக் காரில் மார்க்கெட் ஸ்திரீட் பக்கமிருந்த கோயிலுக்கு நாங்கள் மூவரும் போவோம். சிகரெட்டுக்காக அப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கியிருப்பார். அவருக்குப் பின்னால் நான் முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு வருவேன். அம்மா மட்டும், தலையில் வைத்த பூ கலையக் கூடாதென்று, தன் பக்கத்தை முழுவதும் ஏற்றிவிட்டு, பாதி வழியில் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விரதம். கைக்குழந்தையாக நான் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் உயிருள்ளவரை அந்த ஒரு நாள் பகலில் சாப்பிடுவதில்லை என்று அம்மனிடம் சொல்லியிருந்தாளாம். கடைக்கு நடை, உறவினர் வீட்டுக்கு பஸ் என்று வாழ்ந்த அம்மா காரில் ஏறுவதும் அந்த ஒரு நாள்தான். ஆகவே தலைவலிக்குக் காரணம் தேட எங்கள் வீட்டு அறிவாளிகள் யாரும் சிரமப்படவில்லை.

"வெறும் வயித்தோட கெளம்பினா தல வலிக்காம என்ன செய்யும்? விரதத்த விடு, தானா ஓடிரும்" என்பார் அப்பா. அவருடைய தங்கை, என் அத்தை, "அண்ணிக்கு சாமியும் வேணும், தலவலியும் வேணும்லா" என்பார். எல்லோரும் சிரிப்போம். என் உயிருக்காகப் பட்டினி கிடந்தவளைப் பார்த்து நானும்தான் சிரித்தேன்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயிலில் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டு, வேண்டுதலை முடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் மதியம் அப்பா எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள், மருந்து விழுங்குகிறவளைப் போல. அன்று மாலையும் தலை வலித்தது. உடம்பு பழக நாளாகும் என்று அப்பா தீர்ப்பைத் திருத்தினார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா இன்ஜினைக் கிளப்பிவிட்டார். வண்டிக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதாது, ஓடுகிற பாகத்துக்கும் வைக்க வேண்டும் என்று அம்மா இன்ஜின் மூடியைத் திறக்கச் சொல்லி, திருநீற்றுத் தட்டோடு குனிந்தாள். தட்டிலிருந்த திருநீறு 'டிக் டிக்' சத்தத்துக்குத் தாளம் தப்பாமல் துள்ளித் துள்ளிப் பறந்தது.

"என்னங்க, இங்க யாரோ ஊதுறாங்க."

ஊதியது மேனிஃபோல்ட். பெட்ரோல் கலந்த காற்றை இன்ஜினுக்குள் அனுப்பவும், எரிந்த புகையை வெளியே கொண்டுபோகவும் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் குழாய்த் தொகுதி அது. அதற்கும் இன்ஜினுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் அடைப்பது கேஸ்கட் என்ற மெல்லிய தகடு. அது கருகி ஓரிடத்தில் விட்டுப்போனால் புகை அங்கே துப்பும். இன்ஜின் சூடேற ஏற இரும்பு விரிந்து சத்தம் குறைவதால், ஓட்டுகிறவர் மறந்தும்போவார். புகை போன வழியில் கரி படிந்திருந்த கோட்டை அப்பா விரலால் தொடர்ந்து போனார். கேபிள் ஒன்று காருக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் உதிர்ந்துபோயிருந்தது. விரலை அதில் நுழைத்தார். மறுபக்கம், அம்மா கால் வைக்கும் இடத்தில், அந்த விரல் எட்டிப்பார்த்தது.

அன்று அவர் பூஜைச் சுண்டல் சாப்பிடவில்லை.

அத்தை தனக்குத் தெரிந்த ஒரு 'போமனிடம்', அதாவது மெக்கானிக்கிடம், விடச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, துருப்பிடித்த நட்டுகளை எண்ணெயில் ஊறவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி, குப்பை உள்ளே விழாமல் இன்ஜினின் துளைகளில் துணி அடைத்து, ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைக் கீறல் விழாமல் சுரண்டினார். புதியதைப் பசை எதுவும் தடவாமல் வைத்து, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஓட்டைக்குப் புது ரப்பர் போட்டார். ஒருமுறை சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் இறுக்கச் சொன்னது கையேடு. அதையும் செய்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் தலை வலிக்கவில்லை. திரும்பி வரும்போது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இனி விரதத்தைப் பிடிக்கலாமே என்றார் அப்பா.

"முடிச்சிட்டேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். இப்பப் போயி, காரு ரிப்பேர் ஆயிருச்சுன்னு சொல்லவா?"

கோபமில்லாத குரல்தான். 

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. கேட்டால் 'கேஸ்ட்ரிக்', வயிற்றுப் புண், என்பார். கிளம்புமுன் ஸ்பேனரோடு குனிந்து, இறுகியிருந்த நட்டுகளை இன்னும் இறுக்குவார். வாழ்நாள் முழுவதும் அரசாங்க அலுவலகத்தில் செயல்முறைக் குறிப்புகள் எழுதி ஓய்வுபெற்றவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: கையேடு ஒரு முறை என்றால் ஒரு முறைதான். சில மாதங்களில் ஒரு நட்டு, முறிந்த போல்ட் முனையோடு, கையில் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பா நின்ற நிலையைப் பார்த்த அம்மா, தலையில் வைத்த பூவை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் நின்றாள். "போதுங்க. நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

அவர் சாப்பிடவில்லை. கடைசிவரை 'கேஸ்ட்ரிக்' தீரவில்லை.

இருவரும் இப்போது இல்லை. மாக் மண்டின் பக்கம் பழைய இரும்பாகப் போன அந்தக் காரும் இல்லை. நான் ஓட்டுவது மின்சார வண்டி. அதில் எரியவும் எதுவுமில்லை, கசியவும் எதுவுமில்லை, மேனிஃபோல்டே கிடையாது. ஆனாலும் யாராவது தலை வலிக்கிறது என்றால் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடிகளை இறக்கிவிடுகிறேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பதில்லை.