சுண்ணாம்புக் கோடு

இன்று உச்சிப்புளியில் பஸ் ஏறியவர் என்னைப் பார்த்ததும், "ரெப்ரி அண்ணே!" என்றார். மீன் வியாபாரத்துக்கு வருமுன் நான் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக விசிலும் கையுமாகத் திரிந்தவன்.

தங்கச்சிமடம் மணலில் நடந்த ஒரு பைனலில் இவர்தான் கோல்கீப்பர். கடைசி நிமிடத்தில் எதிரணி அந்தோணி அடித்த பந்தை விழுந்து பிடித்தார். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் சுண்ணாம்புக் கோட்டையே காணோம். காற்று கொண்டுபோய்விட்டது என்று நினைத்து, குத்துமதிப்பாக "கோல் இல்லை" என்றேன்.

ஜெயித்தது இவர் அணி. அந்த அணியிலிருந்துதான் மாவட்ட டீமுக்கு ஆள் எடுத்தார்கள். அந்தோணி போக முடியவில்லை. இன்று பஸ்ஸில் அந்தப் பேச்சு வந்தபோது, காற்றுதான் கோட்டை அழித்தது என்றேன்.

"காத்து இல்லண்ணே. நாந்தான் காலால தேச்சு அழிச்சேன். பந்து ஒரு முழம் உள்ள கெடந்துச்சு."

"இத என்ட்ட ஏய்யா சொல்ற?"

"அவன்ட்ட சொல்லத் தெகிரியம் வரலண்ணே. நீங்க சொல்லிருங்க."

அந்தோணிதான் தினமும் என் கடைக்கு ஐஸ் இறக்குகிறான். "வணக்கம் ரெப்ரி அண்ணே" என்று சிரிப்பான். அந்த முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை.

ஆட்டம் முடிந்தபின் ரெப்ரி தீர்ப்பை மாற்ற முடியாது. அது விதி. வாயைத் திறக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறதா? விடிந்தால் ஐஸ் வண்டி வந்துவிடும். தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.