ஜூராவின் பத்து மடங்கு போஸோ

மலையடிவார ஊரான காரகோலில் குளிர் இறங்கியதும் ஜூராவின் வாசலில் காலி ஜாடிகள் வரிசை கட்டும். ஞாயிறு காலையில் அவள் போஸோ என்கிற புளித்த தானிய பானம் வடிப்பாள் என்பது தெருவுக்கே தெரியும். "அக்கா, கொஞ்சம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஜாடியை நீட்டுவார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. வீட்டுக்கு வைத்திருந்ததிலும் பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, "இந்த வாரமும் நமக்குக் கால் டம்ளர்தான்" என்று கணவனைப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட சிரிப்பு.

அவள் பாலர் பள்ளியில் சமையல்காரி. வாரம் முழுக்க குழந்தைகளுக்குக் கஞ்சியும் சூப்பும் காய்ச்சுகிறவள், சனிக்கிழமை வந்தால் தன் வீட்டு இரும்புச் சட்டியில் பனிவரகு மாவையும் சோள மாவையும் களியாகக் கிண்டுவாள். அது ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும், முளைகட்டிக் காயவைத்து அரைத்த கோதுமை மாவைக் கலந்து, போன வாரத்துப் போஸோவில் ஒரு ஜாடியை உறையாக ஊற்றி, சட்டியைச் சுற்றிப் பஞ்சுப் போர்வையைப் போர்த்திவிடுவாள். பொங்கி அடங்கியதும் தண்ணீர் சேர்த்துத் துணிப்பையில் பிழிந்தெடுத்தால் கெட்டியாக, லேசான புளிப்போடு, குடித்த பிறகு காது மடல் வரை சூடேற்றும் போஸோ தயார்.

அவள் கணவன் குபாத்துக்குக் கல்யாணமான நாளிலிருந்து பாதிக் காலம் ரஷ்யாவில் கட்டட வேலையில் போனது. வசந்தத்தில் போவான், பனி விழுந்ததும் வருவான். சில வருடம் வரவே மாட்டான். கடைசியாகப் போனபோது சாரத்திலிருந்து விழுந்து முதுகை ஒடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். நடக்கலாம், உட்காரலாம், கனமாக எதையும் தூக்க முடியாது. அடுப்போரம் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய பழைய மேஸ்திரி அவ்வப்போது போன் செய்வார். "வாசல் காவல் வேலை ஒண்ணு இருக்கு குபாத், உக்காந்து பாக்குற வேலைதான், வந்துடு" என்பார். குபாத்தும் "யோசிக்கிறேண்ணே" என்பான். அந்த 'யோசிக்கிறேன்' ஜூராவின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். முதுகொடிந்த மனிதன் அந்தக் குளிரில், ஒரு தகரக் கொட்டகையில், தனியாக. ஆனாலும் அவள் போகாதே என்று சொன்னதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது?

இந்த நிலையில்தான் எசென்பாய் வந்தார். பஜாருக்குப் பின்னால் நீராவிக் குளியல்கூடம் வைத்திருப்பவர். ஜூரா கொடுத்த போஸோவை ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நீராவியில வெந்து வெளிய வர்றவன் என்ன கேக்குறான்? போஸோ கேக்குறான். நான் சோடா பாட்டிலக் காட்டுறேன். ஏதோ அவன் அப்பனைத் திட்டின மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிறான். வாரா வாரம் ஒரு பெரிய அண்டா அளவுக்குத் தர முடியுமாம்மா?"

"எங்க கிட்ட இருக்கிறதே ஒரு சட்டிதாண்ணே..." என்று குபாத் ஆரம்பித்தான்.

"தர்றோம்" என்றாள் ஜூரா.

எசென்பாய் போனதும் குபாத் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எதுல காய்ச்சுவ? குளிக்கிற தொட்டியிலயா?"

"நீ இருக்கியே, கெழவா. ஏதாவது செய்."

இருவருக்கும் இன்னும் தலை நரைக்கவில்லை. இருந்தாலும் கல்யாணமான மறுவருடத்திலிருந்தே அவன் கெழவன், அவள் கெழவி.

மூடிப்போன பால் பண்ணை ஒன்றிலிருந்து எஃகு அண்டா ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தார்கள். ஒரு ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம். மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கத்தைச் சுண்ணாம்படித்து அதை அங்கே நிறுத்தினார்கள். ஜூராவின் கணக்கு எளிமையாக இருந்தது: சட்டியைப் போல இது பத்து மடங்கு, ஆகவே எல்லாமே பத்து மடங்கு.

முதல் முறை அடிப்பிடித்தது. நெருப்பு நடுவில் மட்டும் எரிந்ததால், மேலே மாவு வேகுமுன் அடியில் கரி. துடுப்பும் அடிவரை எட்டவில்லை. கொட்டகை முழுக்கக் கருகல் வாடை. குபாத் அண்டாவின் அடியைச் சுரண்டினான். மறுநாள் பழைய செங்கற்களைப் பொறுக்கிவந்து, தீ அண்டாவைச் சுற்றிப் படர்கிற மாதிரி புது அடுப்பு கட்டினான். மண்வெட்டிக் காம்பில் பலகை அடித்து நீளமான துடுப்பு செய்தான். கல்லை அடுக்கும்போது அவன் சீட்டியடித்தான். அவன் சீட்டியடித்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஜூராவுக்கே நினைவில்லை.

இரண்டாம் முறை களி அழகாக வெந்தது. ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், இளஞ்சூடு. முளைமாவைக் கலந்தாள். பெரிய அண்டாவுக்கு உறையும் பெரிதாக வேண்டுமே என்று வீட்டில் இருந்த ஜாடி எல்லாவற்றையும் வழித்து ஊற்றினாள். வீட்டிலிருந்த அத்தனை போர்வையையும், அதற்கு மேல் தரைக் கம்பளத்தையும் போட்டுப் போர்த்திவிட்டு, திருப்தியாகப் போய்ப் படுத்தாள்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு உல்கானின் அலறல்தான் அவளை எழுப்பியது.

"அடியே ஜூரா! என் வாத்துங்களுக்கு வெஷம் வெச்சிட்டியா?"

ஜூரா சால்வையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கொட்டகைக் கதவடியிலிருந்து போஸோ நுரைத்து வழிந்து, முற்றத்தைத் தாண்டி, வேலிக்கு அடியில் உல்கானின் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. ஓரமெல்லாம் உறைந்து பனிக்கட்டியாகியிருந்தது. உல்கானின் வாத்துகள் அதன் நடுவில் நின்றன. நின்றன என்று சொல்வதும் தப்பு. இரண்டு வாத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. ஒன்று வேலியை முட்டி, பின்வாங்கி, மறுபடி அதே இடத்தில் போய் முட்டியது. பெரிய ஆண் வாத்து கழுத்தைப் பனியில் நீட்டிப் படுத்திருந்தது.

"செத்துப்போச்சு! என் ராசா செத்துப்போச்சு!" என்று உல்கான் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ராசா ஒரு கண்ணைத் திறந்தான். தலையைத் தூக்கி ஒரு தடவை பலமாகக் கத்தினான். பிறகு அதே இடத்தில் சரிந்து விழுந்தான்.

குபாத்தால் அடக்க முடியவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜூராவும் சிரிக்க ஆரம்பித்து, கொட்டகைக்குள் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினாள். அண்டாவில் மிச்சமிருந்தது மூக்கை எரித்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள். காடியைப் போலப் புளித்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: வீட்டில் உறைக்கு ஒரு ஜாடிகூட இல்லை. இத்தனை வருடம் வாரா வாரம் காப்பாற்றி வந்ததை ஒரே நாளில் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள். பஜாரில் வாங்கி உறை ஊற்றலாம்தான். ஆனால் அது வேறு யாரோ ஒருத்தியின் போஸோவாக இருக்கும்.

அவள் அடுப்புத் திட்டில் உட்கார்ந்து அழுதாள். குபாத் பக்கத்தில் வந்து நின்றான்.

"விடு கெழவி. வசந்தம் வரட்டும். நான் போறேன். காவல் வேலைதானே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்டாவைக் கழுவ எழுந்தாள்.

மத்தியானம் உல்கான் வந்தாள். வாத்துக்காகச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து ஜூரா எழுந்து நின்றாள். ஆனால் உல்கான் சால்வைக்குள்ளிருந்து ஒரு ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். ஜூராவுக்கு வாசனையே போதுமாக இருந்தது.

"இது... இது என்னோடது இல்ல?"

"உன்னோடதுதான். நீ குடுக்கிறதுல அடி வண்டல எடுத்து வெச்சு உறை ஊத்தி நானும் ஒரு சின்னச் சட்டியில செய்யுறேன். பிஷ்கேக் பட்டணத்துல இருக்கிற என் பையனுக்கு அனுப்ப."

ஜூராவுக்கு நம்ப முடியவில்லை. எத்தனை வருடமாக இந்த உல்கான் ஜாடியைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு குறை சொல்லியிருக்கிறாள்! தண்ணியா இருக்கு, புளிப்பு தூக்கல், மாவு நைசா இல்லை.

"அப்புறம் ஏன்க்கா வாய் நெறைய குறை சொன்னீங்க?"

"குறை சொன்னாத்தானே அடுத்த தடவை 'இதைக் குடிச்சுப் பாருங்க'ன்னு இன்னும் பெரிய ஜாடியா அனுப்புவ? நல்லாருக்குன்னு சொன்னா அதோட முடிஞ்சிருக்கும்." உல்கான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "வாத்து எந்திரிச்சிடுச்சு. தலைவலி போல, யாரையும் கிட்ட விட மாட்டேங்குது."

ஜூரா அவளைக் கட்டிக்கொண்டாள். உல்கான் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றுவிட்டு, அப்புறம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

உறை கிடைத்தாயிற்று. ஆனால் என்ன தப்பு நடந்தது? தேநீர் குடித்துக்கொண்டே அதைப் பேசினார்கள். சின்னச் சட்டியில் போர்வை போர்த்தாவிட்டால் பொங்கவே பொங்காது. பெரிய அண்டா போர்த்தியதும் எப்படி வெறிபிடித்தது? குபாத் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"காங்கிரீட்டு" என்றான் திடீரென்று.

"என்னது?"

"பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடுவோம்ல. சின்னத் தூணுக்குப் போட்டா குளிர்ல உறைஞ்சிடும்னு நாங்க போர்த்துவோம். ஆனா பெரிய மொத்தையா போட்டா, வெளிய பனி கொட்டும், உள்ள கைவைக்க முடியாது. அதுவா சூடாகும். அந்தச் சூடு வெளிய போறதுக்கு வழி கெடையாது. உன் அண்டாவும் அதே கதைதான். ஓரத்துல தொட்டுப் பாத்த, நடுவுல இன்னும் கொதிச்சிட்டிருந்திருக்கும். அதுக்கு மேல கம்பளம் வேற போட்டுப் போர்த்தியிருக்க. காய்ச்சல்காரனுக்கு ஆட்டுத்தோல் கோட்டு மாட்டின மாதிரி."

ஜூரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பாலர் பள்ளியில் அவள் ஒருநாளும் கஞ்சியை அண்டாவோடு ஆறவிட்டதில்லை. நடுவில் மத்தியானம்வரை கொதிக்கும், பிள்ளைகளின் நாக்கு வெந்துபோகும். தட்டுத் தட்டாகப் பரப்பித்தான் ஆறவைப்பாள். "அங்க இருக்கிற புத்தி வீட்டுக்கு வர்ற வழியில எங்க போச்சு எனக்கு!" என்றாள். உல்கான், "பஸ்ஸுல விட்டிருப்ப" என்றாள்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. உல்கானின் ஜாடியைக் கொண்டு முதலில் சின்னச் சட்டியில் காய்ச்சினார்கள். அது முழுவதையும் குடிக்காமல் வைத்து இரண்டு மூன்று சட்டிக்கு உறை ஊற்றினார்கள். அதை எடுத்து அரை அண்டா. அப்புறம்தான் முழு அண்டா. பள்ளியில் ஒதுக்கிப் போட்டிருந்த அகலத் தட்டுகளைக் கேட்டு வாங்கிவந்து களியைப் பரப்பி ஆறவைத்தார்கள். போர்வைகள் கட்டிலுக்குத் திரும்பின. பொங்க ஆரம்பித்ததும் குபாத் அண்டாவின் நடுவில் முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பான். சூடு ஏறினால் கதவைத் திறந்துவிட்டுத் துடுப்பால் கிளறுவான், இறங்கினால் கதவைச் சாத்துவான். பிழிவதுதான் பெரிய பாடு. ஜூராவின் கை இரண்டும் வீங்கிவிட்டன. குபாத் பழைய லாரி ஜாக்கி ஒன்றை இரும்புச் சட்டத்தில் தலைகீழாகப் பொருத்தினான். துணிப்பைகளை அதற்கடியில் வைத்து, நின்ற இடத்திலிருந்தே கைப்பிடியை ஏற்றி இறக்கினால் பை பிழிந்து வாளியில் வடிந்தது. அவன் முதுகுக்கும் கேடில்லை, அவள் கைக்கும் கேடில்லை.

முதல் நல்ல அண்டாவிலிருந்து மூன்று கோப்பை எடுத்தார்கள். குபாத் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"சொல்லேன்" என்றாள் ஜூரா.

"நம்ம சட்டி ருசியேதான்" என்றான்.

உல்கான் குடித்துவிட்டு வாயைத் திறந்தாள். இருவரும் அவளையே பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று முனகினாள், பல்லைப் பிடுங்கியதைப் போல.

மூவரும் தொழுகை முடிவில் செய்வதைப் போல உள்ளங்கைகளை விரித்து, நன்றி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். கடவுளுக்கும் அன்றைக்குக் கொஞ்சம் போஸோ வாசனை போயிருக்கும்.

எசென்பாய் அதுவரை காத்திருந்தார். நடுவில் வேறொருத்தி கொண்டுவந்து தருகிறேன் என்று கேட்டாளாம். "ஜூராவோட போஸோ வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வேற ஊத்தினா அந்த வெந்த தலையோடயே கண்டுபிடிச்சு என்னைப் பிடிச்சுக்குவானுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அவருடைய வண்டியில் பாத்திரங்களை ஏற்றும்போதுதான் ஜூரா இதைக் கேள்விப்பட்டாள். அவர் பைக்குள் ஒரு ரொட்டியைத் திணித்தாள்.

பனி கரையத் தொடங்கியபோது மேஸ்திரி மறுபடி போன் செய்தார். குபாத் முற்றத்தில், கையில் துடுப்போடு நின்று பேசினான். ஜூரா ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே. இங்க வேலை இருக்கு. ஆமா, சொந்த வேலைதான்... காங்கிரீட்டா? அதே மாதிரிதான், ஆனா இதக் குடிக்கலாம்."

அவள் அந்த ஒரே பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்தாள். அவன் உள்ளே வந்து, "ஓட்டையாயிடும் கெழவி" என்ற பிறகுதான் வைத்தாள். ஒரு கோப்பை தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் அவன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள். இந்த வசந்தத்தில் மூட்டை கட்ட வேண்டாம், பஸ் நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டாம். யாருக்கு நன்றி சொல்வது என்று ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தாள். ராசா என்கிற வாத்துகூட அதில் வந்தது.

எசென்பாயின் குளியல்கூடத்துக்கு அவள் போனதே இல்லை. ஒரு சனிக்கிழமை, பெண்கள் முறையன்று, உல்கானை இழுத்துக்கொண்டு போனாள். நீராவியிலிருந்து செக்கச் சிவந்து வெளியே வந்து பலகையில் சாய்ந்தபோது, பக்கத்திலிருந்த யாரோ ஒரு இளம்பெண் தன் கோப்பையை நிரப்பி அவளிடம் நீட்டினாள்.

"குடிங்கக்கா. மயக்கம் வராது. மேலத்தெருவுல யாரோ ஒரு அம்மா செய்யுறாங்களாம். எங்க வீட்டுல செய்யுற மாதிரியே இருக்கும்."

உல்கான் வாயைத் திறந்தாள். ஜூரா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, முழுவதையும் நிதானமாகக் குடித்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள். "உன் கை நெறையட்டும்."