அத்தான் எடுத்த போன்

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் தெருக்களில் இட்லி மாவு என்றால் காளீஸ்வரிதான். வீட்டு முன்னறையில் கிரைண்டர் போட்டிருக்கிறாள். உளுந்து பழசாக இருந்தால் வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டுபோய்ச் சண்டை போடுவாள். வாயும் பெரிது, சிரிப்பும் பெரிது. ஒரு காலத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த சமயம் அது. பக்கத்தில் கிடந்து குழந்தை வீறிட்டு அழும். வேறு யார் வீட்டிலோ அழுவதுபோல அவளுக்குக் கேட்கும். பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், மனசு மட்டும் எதிலும் ஒட்டாது. நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் நன்றாக இருக்கும் என்று ஒருநாள் அவள் சொன்னதும், கணவன் இசக்கிராஜா பயந்துபோனான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அன்றைய சவாரியை விட்டுவிட்டு, திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவளைக் கூட்டிப்போனான். வீட்டில் தைராய்டு என்று சொல்லி வைத்தான். மாத்திரையும் பேச்சுமாக மெல்லத் தேறினாள். வைத்தியம் முடிந்த அன்று, பின்னால் ஆராய்ச்சி ஏதும் நடந்தால் கூப்பிடலாமா என்று கேட்டார்கள். பிழைக்க வைத்தவர்களாயிற்றே, சரியென்றாள்.

அப்போது எப்போதும்வென்றான் என்ற ஊரில் கூட்டுக் குடும்பமாக இருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் கொடுத்திருந்தது கணவனின் அண்ணன் சௌந்தரபாண்டியனின் நம்பர்.

வருஷங்கள் ஓடி, போன பங்குனியில் அந்த நம்பருக்கு போன் வந்தது. காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த சௌந்தரபாண்டியன் எடுத்தார். “காளீஸ்வரி வீடுங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றார். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்து வைத்தியம் எடுத்துக்கொண்ட தாய்மாரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம், காளீஸ்வரி வர விருப்பப்படுவாரா என்று அவள் முழுதும் சொல்லி முடித்துவிட்டாள்.

மறுநாளே அவர் மனைவி பத்திரகாளியோடு கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வந்துவிட்டார்.

“ஏம்மா, தைராய்டுன்னுதான சொன்னிய?”

இசக்கிராஜா ஏதோ சமாளிக்க வாயெடுத்தான். காளீஸ்வரி அவனைக் கையமர்த்தினாள்.

“தைராய்டு இல்ல அத்தான். மனசுதான் சொகமில்லாமக் கெடந்தேன். இப்ப நல்லாயிருக்கேன்.”

“ஒரே வீட்டுல இருந்தோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா” என்றார் அவர். கோபமில்லை, வருத்தம்தான். ஆனால் பத்திரகாளிக்கு காளீஸ்வரியின் தெருவிலேயே சொந்தம் உண்டு. ஒரு வாரத்துக்குள் விஷயம் வீடு வீடாகப் போனது. எதிர்வீட்டு சீனித்தாய் மாவு வாங்குவதை நிறுத்தினாள். “பைத்தியத்துக்கு மாத்திர தின்னவ கை மாவையா இத்தன நாளும் தின்னோம்?” என்று அவள் சொன்னது காளீஸ்வரியின் காதிலேயே விழுந்தது. சாயங்காலம் மாவு மிஞ்ச ஆரம்பித்தது.

காளீஸ்வரி திருநெல்வேலிக்குக் கிளம்பினாள். போன் பேசிய நர்ஸ் செலஸ்டினை விசாரித்துப் பிடித்தாள். “நீங்கதான பேசுனிய? வரச் சம்மதம்னு நான் சொன்னது நெசம். எங்க அத்தாங்கிட்ட சொல்லச் சொன்னனா?”

செலஸ்டினின் முகம் வெளிறிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். “தப்புதான்க்கா. வீட்டுக்காரர்னு நெனச்சிட்டேன். யாரா இருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது” என்று அழுதே விட்டாள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஹரிஹரசுதன் இருக்கையை விட்டு எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கே மற்ற அழைப்புகளை நிறுத்தினார்.

“இந்த ஆராய்ச்சி எதுக்குத்தான் சார்?”

“ஒரு தாய்க்கு இது வரப்போகுதுன்னு முன்னாலயே கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்கோம்மா. சுகமானவங்க வந்து சொன்னாத்தான் தெரியும். அவங்கள எங்க பதிவுகளை விட்டா வேற எங்கயும் தேட வழியில்ல. ஆனா உங்களுக்கு நடந்ததுக்கப்புறம், வாங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல.”

அவள் ஊருக்குத் திரும்பினாள். பஸ்ஸில் சன்னலுக்கு வெளியே அறுப்பு முடிந்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. தன்னைப்போல எத்தனை பேர் தைராய்டு என்று சொல்லிக்கொண்டு நடமாடுகிறார்களோ என்ற நினைப்பு அவளை விடவேயில்லை. வைகாசி பிறந்ததும், “இனி ஒளிக்க என்ன இருக்கு, போயிட்டு வாரேன்” என்று கணவனிடம் சொல்லிவிட்டுத் தானாகவே போய் ஆராய்ச்சியில் சேர்ந்தாள்.

இரத்தம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். குழந்தையை முதலில் கையில் வாங்கியபோது பாசம் வந்ததா என்ற கேள்விக்கு அவள் உள்ளதையே சொன்னாள். வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை. ஒருநாள் அரிசிமாவு சலிக்கும்போது பக்கத்தில் கிடந்த பிள்ளை அடுத்தடுத்துத் தும்மியது, இவளுக்குச் சிரிப்பு வந்தது, பாசமும் அன்றைக்குத்தான் வந்தது. சொல்லும்போது கண்ணீர் வழிந்தாலும் ஒரு வார்த்தையைக்கூட அவள் குறைத்துச் சொல்லவில்லை.

மறுபடி ஆட்களை அழைக்கும் முன்பு டாக்டர் அவளையும் செலஸ்டினையும் உட்கார வைத்துப் பேசினார். வேறு யாராவது எடுத்தால் எந்தப் பிரிவு என்று சொல்லாமல் வைத்துவிடுவது, உரியவரே எடுத்தாலும் இப்போது தனியாகப் பேச முடியுமா என்று முதலில் கேட்பது, வேண்டாம் என்றால் மறுபடி கூப்பிடாமல் இருப்பது என்று மூவருமாகப் பேசி முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அதை ஏற்றுக்கொண்ட பிறகே அழைப்புகள் தொடங்கின.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் சீனித்தாய் காளீஸ்வரி வீட்டுக்கு வந்தாள். பாத்திரம் கொண்டுவரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எம் மருமக உமாதேவி பிள்ளயத் தூக்கவே மாட்டங்கா. வெறிச்சு வெறிச்சுப் பாக்கா. யாருகிட்ட கேக்கன்னே தெரியல. நான் ஒன்னப் பேசுன பேச்சுக்கு…”

“அத விடுங்க மதினி. தூங்குதாளா? சாப்பிடுதாளா?” காளீஸ்வரி அதற்குள் கிரைண்டரை நிறுத்தியிருந்தாள். “நாளைக்கே போவோம். நானும் வாரேன்.”

மறுநாள் இசக்கிராஜா அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் கைக்குழந்தை திடீரென்று அழுதது. உமாதேவி திரும்பவில்லை, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீனித்தாய், “ஏட்டி, பிள்ள அழுதுல்லா” என்று அதட்டப் போனாள். காளீஸ்வரி அவள் கையை அழுத்தித் தடுத்தாள். குழந்தையைத் தான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, உமாதேவியின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“பிள்ளய நான் வச்சிருக்கேன். நீ செத்த நேரம் எம்மேல சாஞ்சுக்கோ.”

உமாதேவி சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு மெல்லச் சாய்ந்தாள்.